போண்டா வாங்காத நாள்

ஜூலை 7, திங்கள்

இன்றிலிருந்து நான் வரலாற்றாசிரியன். நேற்றுவரை வேதியியல்காரன். இரண்டில் எது எனக்கு இன்னும் மோசமாக வரும் என்பது போகப்போகத் தெரியும்.

காலையில் வசுமதி மேடம் அறைக்குக் கூப்பிட்டார். அணுக்கம் கம்பெனியை அவர் தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. செப்டம்பரில் வெள்ளிவிழா. மலர் போடுகிறார்கள். அதில் கம்பெனி வரலாற்றை நான் எழுத வேண்டுமாம்.

"நான் ஏன் மேடம்?"

"முதல் நாள்லேருந்து இருக்கறது நானும் நீயும்தான் பெஞ்சமின். நான் எழுதினா தற்பெருமையாயிடும். உனக்குப் பெருமைப்பட ஒண்ணும் இல்ல, அதனால படிக்கறவங்க நம்புவாங்க."

இதற்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசல் தாண்டிய பிறகுதான் அது பாராட்டு இல்லை என்று உறைத்தது.

அணுக்கம் என்ன செய்கிறது என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் சொல்லும் பதில் இது: ஒட்டுமா ஒட்டாதா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிறோம். மருந்து என்பது உடம்பிலுள்ள ஏதோ ஒரு புரதத்தில் போய் ஒட்ட வேண்டிய பொருள். ஒட்டினால் மருந்து, ஒட்டாவிட்டால் சாக்பீஸ் தூள். எல்லாவற்றையும் செய்து பார்க்க ஆயுள் போதாது. அதனால் முதலில் கணக்கு, அப்புறம் குடுவை. என் மாமனார் கடைசிவரை நான் பசை கம்பெனியில் வேலை பார்ப்பதாகவே நம்பினார். பிற்பாடு அது உண்மையும் ஆயிற்று. அந்தக் கேவலத்தை அப்புறம் எழுதுகிறேன்.

குறிப்பெடுக்க நோட்டு வேண்டும் என்றதும் ரூபி தன் டைரியைத் தந்துவிட்டாள். ரூபி என் மனைவி, ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாள். பள்ளியில் வருஷா வருஷம் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் டைரி. ஜனவரியிலிருந்து ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. இப்போதெல்லாம் அவள் அதிகம் எழுதுவதில்லை.

ஜூலை 9, புதன்

வரலாற்றின் முதல் வரி எழுதினேன். அடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து, மீன் குழம்பு சாப்பிட்டு, கட்டுரை நோட்டு திருத்த உட்கார்ந்தோம். திருத்துவது அவள், சிவப்புப் பேனா பிடிப்பது நான். பேனாவை நெடுநேரம் பிடித்தால் அவள் விரல்கள் வீங்கிக்கொள்கின்றன. முடக்குவாதம். பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பற்பசை மூடி, ஊறுகாய் மூடி, மாத்திரை அட்டை, சேலைக்கு ஊக்கு எல்லாம் என் இலாகா. ஊக்கை இன்றைக்கும் ஒரு தடவை என் விரலில் குத்திவிட்டுத்தான் சேலையில் குத்தினேன்.

தலைப்பு, மழைக்காலத்தில் ஒரு நாள். ஒரு பிள்ளை இரண்டே வரி எழுதியிருந்தது. மழை பெய்தால் பள்ளி விடுமுறை. ஆகவே மழை நல்லது.

"ஏழு போடுங்க" என்றாள்.

"ரெண்டு வரிக்கு ஏழா?"

"கருத்துல என்ன தப்பு கண்டீய?"

போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, வேறு எதையோ கேட்பதுபோல, "ஒங்க மாத்திரை என்னாச்சு?" என்றாள்.

"எந்த மாத்திரை?" என்றேன். கம்பெனியில் எத்தனையோ மாத்திரை ஓடுகிறது. எதைக் கேட்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சரி, தெரியும். மாணிக்கத்தைக் கேட்கிறாள். அது நான் பத்து வருஷம் முன்பு தொடங்கிய மூலக்கூறு. மூட்டு வீக்கத்தைத் தூண்டும் ஒரு புரதத்தில் ஒட்டி அதை அடக்க வேண்டியது. இப்போது மனிதர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனை நடக்கிறது. பாதிப் பேருக்கு மாணிக்கம், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. செப்டம்பர் முதல் வாரம் அந்த விவரம் இருக்கும் உறையைப் பிரிப்பார்கள். கம்பெனிக்காரர்களின் குடும்பத்தினர் சோதனையில் சேரக் கூடாது என்று விதி. நல்ல விதி. நானே கூட்டத்தில் அதை ஆதரித்துப் பேசியிருக்கிறேன்.

அந்தப் புரதத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று ஆபீஸில் கேட்டபோது, சந்தை பெரிது என்று சொன்னேன். பெயர்க் காரணம் கேட்டார்கள். படிகம் சிவப்பாக இருக்கிறது, அதனால் மாணிக்கம் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

இன்று வரலாறு ஓடியது. எழுதியவரை கீழே.

இரண்டாயிரமாம் வருஷம், சைதாப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் அணுக்கம் பிறந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு மேஜை விசிறி. விசிறி கம்ப்யூட்டருக்கு, எங்களுக்கு இல்லை. ஒரு மூலக்கூறுக்குக் கணக்கு முடிய ஒரு வாரம் பிடிக்கும். கீழே முகூர்த்தம் என்றால் சீரியல் விளக்கு, கிரைண்டர், மைக் செட் எல்லாம் சேர்ந்து மாடிக்கு வரும் கரண்டைக் குடித்துவிடும். கணக்கு பாதியில் செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து. இரண்டு மாதம் அழுதபின் வசுமதி மேடம் ஒரு பஞ்சாங்கம் வாங்கி வந்து சுவரில் மாட்டினார். முகூர்த்த நாளில் கணக்கு ஓடாது. அறிவியல் ரீதியில் எங்களுக்கு மிக உகந்த மாதங்கள் ஆடியும் மார்கழியும். பஞ்சாங்கம் பார்த்துப் புரதக் கணக்குப் போட்ட கம்பெனி வேறு எங்காவது இருந்தால் அவர்களோடு கைகுலுக்க விரும்புகிறேன்.

போண்டா பிறந்ததும் அங்கேதான். முதல் வாடிக்கையாளருக்கு ஒரு பொருள் ஒட்டும் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். ஒட்டவில்லை. அந்த ஆள் போனிலேயே காய்ச்சி எடுத்தார். நாங்கள் நாலு பேர் மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு திரையை முறைத்துக்கொண்டிருந்தோம். மேடம் எழுந்து கீழே போனார். ஒரு பொட்டலம் போண்டாவோடு வந்தார். "நான் தப்பாச் சொல்லிட்டேன். எங்க தப்புன்னு சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். தப்பு பண்ணினவங்க ஒளிஞ்சுக்கிட்டா அடுத்தவனும் அதே குழியில விழுவான்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே சட்டம். ஒவ்வொரு முடிவு வருவதற்கு முன்னும் கரும்பலகையில் இரண்டு பத்தி: ஒட்டும், ஒட்டாது. எல்லோரும் ஏதாவது ஒன்றின் கீழே பெயர் எழுத வேண்டும். ஆசையை எழுதக் கூடாது, உன் கணக்கு சொல்வதை எழுது. பொய்த்தால் போண்டா வாங்கு. சரியாகச் சொன்னவர் முதல் போண்டாவை எடுக்க வேண்டும்.

இருபத்தைந்து வருஷத்தில் அதிகம் போண்டா வாங்கியவன் யார் என்று மலரில் போட வேண்டாம் என்று நினைக்கிறேன். தரமணிக்கு நாங்கள் மாறியபிறகு, செல்வி அக்கா என்னை நம்பித்தான் டீக்கடையை விரிவுபடுத்தினார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மறுக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

மலரைப் பார்த்துக்கொள்ளும் ஷிவானி வந்தாள். விளம்பரப் பிரிவு. என் பக்கங்களைப் படித்திருந்தாள்.

"சார், ரொம்ப நல்லாருக்கு. தோல்வியை மட்டும் எடுத்துடலாமா?"

"எடுத்தா என்னம்மா மிச்சம்?"

யோசித்தாள். "பஞ்சாங்கம்?"

ஜூலை 30, புதன்

மாமனார் ஜெயித்த கதையை எழுதினேன்.

மலேரியாவுக்கு நான் ஒரு மூலக்கூறு செய்தேன். கிருமியின் புரதத்தில் ஒட்டும் என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன். அது கிருமியைத் தவிர எல்லாவற்றிலும் ஒட்டியது. குடுவையில் ஒட்டியது. கரண்டியில் ஒட்டியது. ஆய்வகப் பையனின் கையுறை மேஜையோடு ஒட்டி, அதைக் கத்தியால் அறுத்து எடுத்தோம். நான் போண்டா வாங்கப் போயிருந்த நேரத்தில் மேடம் அந்தக் குடுவையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். மறுநாள் குடுவையோடு ஆம்பூருக்கு ரயிலேறினார். ஒரு செருப்புத் தொழிற்சாலையில் காட்டினார். அவர்கள் விடவில்லை.

இப்படித்தான் மருந்துக் கம்பெனிக்குப் பொருள்கள் பிரிவு என்று ஒன்று முளைத்தது. புரதத்துக்குப் போட்ட அதே கணக்குதான், செருப்பின் அடிப்பாகத்துக்கும் தோலுக்கும். பிறகு சுவர்ப் பூச்சு, பாட்டரிப் பூச்சு என்று வளர்ந்து இன்று கம்பெனியில் பாதி அதுதான். மீதிப் பாதி எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போடுவதும் அதுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் குரங்கு நன்றாகச் சம்பாதிக்கிறது.

ரூபி போடுவதும் அந்தச் செருப்புதான். வார் இல்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் வகை. வார் மாட்ட அவள் விரல் வளையாது. மழையில் நனைந்தும் பிரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்வாள். "இவுக செஞ்சது." அப்போது மட்டும் நான் மலேரியாவைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஷிவானிக்கு ஒரு படம் வேண்டுமாம். அன்றும் இன்றும் என்று. பத்து வருஷம் முன்பு போட்ட ஒரு கணக்கும், அதையே முபீனாவின் புதிய முறையில் போட்டதும் பக்கத்தில் பக்கத்தில். முபீனா எங்கள் குழுவின் கெட்டிக்காரி. பழைய முறையில் புரதம் ஆடாமல் அசையாமல் போட்டோவுக்கு நிற்கும். அவள் முறையில் அது வீங்கிய மூட்டுக்குள் இருப்பதுபோலவே நெளியும், வளையும்.

சரி, நம் மாணிக்கத்தையே போடலாம் என்று உட்கார்ந்தேன். அழகான படம் வரும் என்று நினைத்தேன்.

மாலையில் முடிவு வந்தது. சோதனைக் குழாயில் நல்ல பிள்ளையாக நின்ற புரதம், வீங்கிய மூட்டில் உடம்பைத் திருப்பிக்கொள்கிறது. மாணிக்கம் போய் உட்கார வேண்டிய இடம் மூடிக்கொள்கிறது. ஒட்டவில்லை.

ஏதோ கோளாறு. என் கைராசி தெரிந்ததுதான். தப்பாக எதையாவது கொடுத்திருப்பேன். திரும்ப ஓட விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோளாறு இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரூபி இன்று ஒரு விஷயம் சொன்னாள். தலைமையாசிரியை கூப்பிட்டுப் பேசினாராம். தன்மையாகத்தான் பேசினாராம். கரும்பலகையில் எழுத முடியாத டீச்சரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சமாளிப்பது, விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாமே என்று.

"நீ என்ன சொன்ன?"

"செப்டம்பர் கழிச்சுச் சொல்லுதேன்னு சொல்லிட்டு வந்தேன். ஒங்க மாத்திரை பலிச்சுட்டுன்னா அடுத்த சோதனையை வேற கம்பெனிதானே நடத்தும்? நாமளும் சேரலாம்லா? ரெண்டு வருஷம் இழுத்துப் பிடிச்சுருவேன்."

அவளுக்கு விதிமுறை எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிகிறது. எப்போது படித்தாள் என்று தெரியவில்லை.

சொல்லியிருக்கலாம். கணக்கு என்ன சொல்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "காப்பி போடட்டுமா?" என்றேன். காப்பியிலும் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன் என்று எழுத ஆசை. கதைக்குப் பொருத்தமாக இருக்கும். உண்மையில் காப்பி நன்றாகத்தான் இருந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் தம்ளரை அணைத்துப் பிடித்துக் குடித்தாள். சூடு விரலுக்கு இதமாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வரலாறு எழுதவில்லை. எழுத நேரமில்லை என்று ஷிவானியிடம் சொன்னேன். பிறகு ஒரு மணி நேரம் ஜன்னல் வழியாகப் பறக்கும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாணிக்கத்துக்காகப் பலகை வைத்துவிட்டார்கள். ஒட்டும், ஒட்டாது. மனிதச் சோதனைக்கும் அதே இரண்டு சொல்தான், வேறு சொல் எங்களிடம் கிடையாது.

மூலக்கூறின் சொந்தக்காரன் முதலில் எழுத வேண்டும் என்பது மரபு. எல்லோரும் சுற்றி நின்றார்கள். யாரோ கைதட்டக்கூடத் தயாராக இருந்தார்கள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆசையை எழுதக் கூடாது, கணக்கை எழுது. நானே வரலாற்றில் எழுதி வைத்திருக்கும் வாக்கியம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். இருபத்தைந்து வருஷமாக என் கணிப்பு பொய்த்துத்தான் வந்திருக்கிறது. முக்கியமானது எதுவும் ஒரு தடவைகூடத் தவறிப்போய்ப் பலித்ததில்லை. ஒட்டும் என்றேன், ஒட்டவில்லை. இப்போது ஒட்டாது என்று எழுதினால்? ஆண்டவரே, என் வழக்கத்தை மட்டும் மாற்றிவிடாதேயும். இந்த ஒரு தடவையும் நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒட்டாது என்பதன் கீழே என் பெயரை எழுதினேன்.

கைதட்டத் தயாராக இருந்த கை அப்படியே நின்றது. வசுமதி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் செல்வி அக்கா கடையில் நின்றேன். "அக்கா, செப்டம்பர் முதல் வாரம் பெரிய ஆர்டர் ஒண்ணு இருக்கும். ஆபீஸ் முழுக்க."

"தோக்கறதுக்கு முன்னாடியே ஆர்டரா சார்?" என்றார்.

"வேண்டிக்கிட்டிருக்கேன்க்கா" என்றேன். விநோதமாகப் பார்த்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பலகை நிறைந்துவிட்டது. ஒட்டாது என்ற பக்கத்தில் நான் ஒருவன். மற்ற எல்லோரும், முபீனா உள்பட, வசுமதி மேடம் உள்பட, ஒட்டும் பக்கம்.

எனக்குக் கொஞ்சம் மனக்கசப்பு. மேடத்துக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடலாம். ஆனால் முபீனா? தான் கண்டுபிடித்த முறையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சரிபார்க்கிற பழக்கமே இல்லை. எங்கள் காலத்தில் பஞ்சாங்கத்தையே இரண்டு தடவை பார்ப்போம்.

செப்டம்பர் 1, திங்கள்

ரூபி பள்ளிக்குப் போகும்போது, "இந்த வாரம்தானே?" என்றாள்.

"எது?" என்றேன். இந்த விளையாட்டை இன்னும் எத்தனை நாள் ஆடுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

உறை பிரித்தார்கள். மாணிக்கம் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

நான் சரியாகச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று ரூபியிடம் சொல்லவில்லை. இன்று ஆசிரியர் தினம், அவள் சந்தோஷமாகப் போய்வரட்டும் என்று காரணம் வைத்துக்கொண்டேன். எனக்குக் காரணம் மட்டும் எப்போதும் பலிக்கும்.

காலையில் முதல் வேலையாகச் செல்வி அக்கா கடைக்குப் போனேன்.

"அக்கா, என் ஆர்டரை ரத்து பண்ணிடுங்க."

"நீங்க ரத்து பண்ணா எனக்கென்ன சார், ஒங்க ஆபீஸே வரிசையில வந்து ஆர்டர் குடுத்துட்டுப் போச்சு. அடுப்புல வேற எதுவும் வைக்க முடியல. இன்னிக்கு வடை கிடையாது."

பதினோரு மணிக்குச் சாப்பாட்டு அறையில் போண்டா குவிந்திருந்தது. இவ்வளவு போண்டாவை ஒரே இடத்தில் நான்கூட வாங்கிப் போட்டதில்லை. தட்டு போதாமல் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். எல்லோரும் நின்றார்கள். சரியாகச் சொன்னவன் முதல் போண்டாவை எடுக்க வேண்டும். சரியாகச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

எடுத்தேன். கடித்தேன். வாயிலேயே நின்றது. இறங்கவில்லை.

"மெல்லச் சாப்பிடு" என்றார் வசுமதி மேடம்.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று முபீனாவிடம் திரும்பினேன். "நீயாவது ஒன் முறையில ஒரு தடவ போட்டுப் பாத்திருக்கக் கூடாதாம்மா? நான் ஆகஸ்ட்லயே போட்டுட்டேன். அப்பவே தெரிஞ்சிடுச்சு."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் போண்டாவைப் பார்த்தார்.

"சார்" என்றாள் முபீனா. "நீங்க ஓட்டினது பொது மெஷின்ல. முடிவு வந்தா குழுவில இருக்கற எல்லாருக்கும் தானா வரும். அன்னிக்கு சாயங்காலமே எல்லாரும் பாத்துட்டோம். நீங்க திரும்ப ஓட்டினதையும் பாத்தோம்."

"அப்போ ஏன் எல்லாரும் ஒட்டும்னு எழுதினீங்க?"

ஆளாளுக்கு ஒரு போண்டாவை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் முபீனாதான் சொன்னாள்.

"சார், மாணிக்கம் செவப்புப் படிகம்னு சொன்னீங்க இல்ல, நான் சேர்ந்த புதுசுல குடுவையை எடுத்துப் பாத்தேன். அது வெள்ளைப் பவுடர் சார். ரூபின்னாலும் மாணிக்கம்தானே சார். ரூபி மேடத்தை அதுக்கு முன்னாடி கம்பெனி குடும்ப விழாவுல பாத்திருக்கேன். அவங்க கையைப் பாத்திருக்கேன்."

நான் மேடத்தைப் பார்த்தேன். ஆசையை எழுதாதே என்று சட்டம் போட்டவர். பலகையில் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூடப் பொய் எழுதாதவர்.

"என்ன பாக்கற? நானும்தான் போண்டா வாங்கினேன்" என்றார்.

அங்கேயே அழுதேன். நாசூக்காக எல்லாம் இல்லை. வாயில் போண்டாவோடு. ஐம்பத்து நாலு வயது ஆள் வாயில் போண்டாவை வைத்துக்கொண்டு அழுவது எப்படி இருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. பத்து வருஷமாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், அவ்வளவு பேரும் அந்தச் சோற்றையே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

மிச்சத்தைப் பெரிய பையில் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மாலையில் ரூபி வந்தாள், கையில் பிள்ளைகள் கொடுத்த ரோஜாப் பூக்கள். மேஜைமேல் பையைப் பார்த்தாள். இந்த வீட்டில் போண்டா வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"ஒட்டலையாக்கும்" என்றாள்.

"ஒட்டல."

பூவை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க எந்தப் பக்கம் எழுதினீய?"

"ஒட்டாதுன்னு."

"நெசமாவா?" என்னை உற்றுப் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து மொத தடவையா சரியாச் சொல்லிருக்கீய. அதுவும் இதுலயா போய்ச் சொல்லணும்?"

சிரிக்க ஆரம்பித்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நானும் சேர்ந்துகொண்டேன். ஆபீஸில் எல்லோரும் எழுதியதைச் சொன்னேன். முபீனா குடுவையைப் பார்த்ததைச் சொன்னேன். உனக்காகத்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவளே, "பேரு வச்சப்பவே எனக்குத் தெரியும், போங்க" என்றாள்.

ஒரு போண்டாவை எடுத்தாள். பிய்த்துக் கொடுக்கக் கையை நீட்டினேன்.

"விடுங்க, நானே பிச்சுக்கிடுதேன்."

பிய்த்தாள். நேரம் ஆயிற்று. ஆறிப்போன போண்டா வேறு, ரப்பர் மாதிரி இருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷத்தில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரூபி ஓய்வு வாங்கப்போவதில்லையாம். நாளைக்கே தலைமையாசிரியையிடம் சொல்லப்போகிறாள். கரும்பலகையில் பிள்ளைகளை முறை வைத்து எழுதச் சொல்லி, தான் வாயால் பாடம் நடத்தப்போகிறாளாம்.

"எழுத்துப் பிழையும் அங்கனயே தெரிஞ்சுபோகும். ஒங்கள வச்சு நோட்டு திருத்துனதுல கத்துக்கிட்டேன்" என்றாள். ஒத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, தெரியாது. நான் கணிப்பு எதுவும் சொல்லவில்லை.

அப்புறம், "அடுத்தது எப்பம்?" என்றாள்.

"அந்தப் புரதம் திரும்பி நிக்கிற எடத்துக்குத் தகுந்தமாதிரி புதுசாத்தான் செய்யணும். இன்னும் பத்து வருஷம்கூட ஆகும் ரூபி."

"ஆகட்டும். எம் பேரையும் பலகையில எழுதிவைங்க. ஒட்டும்னு. ஒட்டாட்டி போண்டா என் செலவு."

செப்டம்பர் 8, திங்கள்

வரலாற்றுக்கு முதல் வரி கிடைத்துவிட்டது. அணுக்கம் கம்பெனியின் வரலாறு பெரும்பாலும் போண்டாவின் வரலாறே. ஷிவானி படித்தாள். பெருமூச்சு விட்டாள். அடிக்கவில்லை.

பலகையைத் துடைத்துவிட்டு, ஒட்டும் என்பதன் கீழே ரூபி என்று எழுதினேன். அதன் பக்கத்தில் என் பெயர். பின்னால் வசுமதி மேடம் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"எந்த மூலக்கூறுக்கு இது?"

"இன்னும் செய்யல மேடம்."

"கணக்கு?"

"போடல."

"ரூபி நம்ம கம்பெனியா?"

"இல்ல மேடம்." சாக்பீஸைக் கீழே வைத்தேன். "என் மனைவி. அவளுக்காகத்தான் செய்யறேன். போன தடவையும் அவளுக்காகத்தான் செஞ்சேன்."

இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷமும் ஒரு தோற்ற மருந்தும் தேவைப்பட்டிருக்கிறது. மேடம் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அந்தக் கணிப்பும் பொய்த்தது.

"பேரு வச்சிட்டியா?"

"மாணிக்கம் ரெண்டு."

சாக்பீஸை எடுத்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

"இந்தத் தடவையாவது செவப்பா இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.